மாத்தளைப் புத்தக அலுமாரி

"எவ்வகை நூல் வாசித்தற்குரியது?" என்னும் வினா நம் குடும்பங்களில் ஓயாது எழுவதொன்று. சமய நூலே நூல் என்பார் பாட்டனார். பரீட்சைக்கு உதவாத புத்தகம் எதற்கு என்பார் தந்தையார். பாடப் புத்தகத்தினுள் நாவலை மறைத்து வைத்து வாசிப்பர் பிள்ளைகள். நூல்களுக்குள்ளும் சாதி வகுத்து, ஒன்றை மேலென்றும் மற்றொன்றைக் கீழென்றும் கொள்ளும் இவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. எந்நூலைக் கையில் எடுத்தாலும் நாம் கேட்பது ஒன்றே: இஃது எழுதப்படாது போயிருப்பின் எது அழிந்திருக்கும்? இவ்வளவுகோலை மாத்தளை மாவட்டத்தோடு தொடர்புடைய சில நூல்கள்மீது வைத்துப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தின் அலுமாரியில் இத்தனை வகையா என நேயர்கள் வியக்கவுங் கூடும்.

சமய நூலிலிருந்தே தொடங்குவோம். மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ள செல்லும் வீதியோரமாக அமைந்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் மனனத்தால் மட்டுமே காக்கப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் இங்கே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வருத்திய காலம் அது. மனனம் செய்தவர் மாண்டால் மறைமொழியும் மாளும் என்னும் அச்சமே எழுத்தாணியைக் கையில் எடுப்பித்தது. துட்டகைமுனு மன்னனுக்குப் பல அத்தியாயங்களை ஒதுக்கிய மகாவம்சம், இப்பெருஞ்செயலை ஓரிரு செய்யுளில் கூறி முடித்துவிடுகின்றது. இடத்தின் பெயரைத்தானும் சொல்லவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகமே அப்பெயரை நமக்குத் தருகின்றது. வாளுக்குக் கொடுத்த இடத்தை எழுத்தாணிக்குக் கொடாமை அவ்வரலாற்று நூலின் குறையென்றே நாம் கொள்வோம்.

1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது இவ்விகாரையின் சுவடிச்சாலை அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் பல நாடுகளில், பல கைகளில் இருந்தன. எழுதி வைத்தல் பாதிக் காவலே. பலர் படியெடுத்து வாசித்தலே முழுக் காவல் என்பதை இதனால் அறிகின்றோம்.

இனிக் கவிதை. இம்மாவட்டத்துச் சிகிரியாக் குன்றில் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த அரண்மனை பாழ்பட்ட பின்னர், அங்குள்ள ஓவிய மங்கையரைக் காண மக்கள் வந்த வண்ணமே இருந்தனர். வந்தவர் வாளா போகவில்லை. கண்ணாடிச் சுவர் எனப்படும் பளபளப்பான சுவரிலே தத்தம் எண்ணங்களைச் சிங்களச் செய்யுளாகக் கீறிச் சென்றனர். எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலான இத்தகைய 685 செய்யுள்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்தறிந்து 1956இல் நூலாக்கினார். இவை யாவும் உயர்ந்த கவிதை என்று நாம் கூறமாட்டோம். ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொல்கின்றார். எனினும் பிக்குகளும் அதிகாரிகளும் பெண்களும் ஒரே சுவரில் சமமாகப் பேசும் நூல் வேறெங்கே உண்டு? இஃதில்லையேல் அரசவைப் புலவர் அல்லாதாரின் குரல் நமக்கு எட்டியே இராது. (இன்று அச்சுவரில் எழுதுதல் குற்றம் என்பதை மாணவர்க்கு நினைவூட்டி மேலே செல்கின்றோம்.)

அதே குன்று விஞ்ஞானப் புனைகதைக்கும் இடங்கொடுத்தது. 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1979இல் சுவர்க்கத்தின் ஊற்றுகள் எனப் பொருள்படும் ஆங்கில நாவலை வெளியிட்டார். பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்துச் சுற்றுப்பாதைக்கு ஒரு மின்தூக்கி அமைக்க முயலும் பொறியியலாளரின் கதை அது. சிகிரியா அதில் யக்ககல என்னும் பெயரோடு வருகின்றது. கதைமாந்தரில் பலர் மெலிந்த உருவினரே. பொறியியலாளரைவிடப் பழைய மன்னனே நம் மனத்தில் நிற்கின்றான். ஆயினும் விண்ணளாவக் கட்டத் துணியும் மனிதரின் ஆசை பழையதும் புதியதுமாக ஒரே நூலில் சந்திப்பதால், இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ள நாம் ஒருப்படோம்.

பிரயாண நூல்களில் ரொபேட் நொக்ஸ் எழுதியதற்கு ஈடு சிலவே. 1660இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டவர் இவர். உழவு, உணவு, உடை ஆகியவற்றை அவர் வருணிக்கும் நுட்பம் போற்றத்தக்கது. தமக்குச் சோறிட்ட மக்களைச் சிலவிடங்களில் கடிந்துரைப்பது மட்டும் நமக்கு உவப்பாயில்லை.

நொக்ஸ் தப்பிச் சென்று சேர்ந்த இடம் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டின் பின் அக்கரைப் பக்கமிருந்து எதிர்த்திசையில் மற்றொரு கூட்டம் நடந்தது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோரே அவர்கள். தோணியில் வந்திறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ள கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலே இரையானோர் பலர். துரைமார் எழுதினர், அதிகாரிகள் எழுதினர், நடந்தவர்கள் எழுதவில்லை. எழுத்து அவர்களுக்கு எட்டாக் கனியாயிருந்தது. நம் அலுமாரியின் பெரிய வெற்றிடம் இதுவே.

அவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்ற படைப்புகள் சிலவுண்டு. புதுமைப்பித்தனின் துன்பக்கேணியில் சினம் தீயெனக் கனல்கின்றது. ஆனால் தோட்டம் தொலைவிலிருந்தே தெரிகின்றது. கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை (1964) மெல்ல நடக்கும் நாவல். எனினும் தோட்டத்து வீட்டினுள்ளே அது நம்மை அழைத்துச் செல்கின்றது. மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரும் இணைந்து தந்த தோட்டக்காட்டினிலே என்னும் சிறுகதைத் தொகுதியும், மலரன்பனின் கோடிச்சேலையும் இம்மண்ணின் மைந்தர் படைப்புகள். வெளியே நின்று இரங்குவோர் குரலன்று அது. உள்ளிருந்து பேசுவோர் குரல். மாத்தளைப் பாடசாலை ஒவ்வொன்றின் நூலகத்திலும் இவை இருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

ஆயினும், ஒரே ஒரு நூலைத்தான் வைத்துக்கொள்ளலாம் என எவரேனும் நம்மை நெருக்கினால், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்களையே எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி 1954இல் ஆங்கிலத்தில் நெடுங்கவிதை இயற்றிய புலவர் அவர். அக்கவிதையினும் இத்தொகுப்பையே நாம் பெரிதெனக் கருதுகின்றோம். கவிதையை அவரே மீண்டும் எழுதியிருக்கக் கூடும். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய கிழவியர் மறைந்த பின் அப்பாடல்களை எவரால் எழுத இயலும்?

இங்கேதான் அலுவிகாரைப் பிக்குகளின் அச்சம் நமக்கும் உரியதாகின்றது. நம் இல்லங்களில் இன்றும் சில முதியோர் உளர். ஆங்கிலப் பெயர் தாங்கிய தோட்டங்களுக்கு மக்கள் இட்ட தமிழ்ப் பெயர்களும், நாற்று நடுகையில் பாடிய பாட்டுகளும், எவ்வூரிலிருந்து எவர் வந்தார் என்னும் குடும்பச் செய்திகளும் அவர்கள் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. மாணவ மாணவியரே, விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துப் பாட்டியின் அருகில் அமருங்கள். அவர் சொல்லும் சொல்லை உங்கள் பாடசாலைத் தமிழுக்கு மாற்றாமல் அவ்வாறே எழுதுங்கள். எழுதியதை ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்து, ஒன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். அது நாவலா, வரலாறா, கவிதையா என்று பின்னர் வருவோர் வகைப்படுத்திக் கொள்ளட்டும்.