தூபமும் சான்றிதழும்

தமிழகத்தில் இறைநம்பிக்கைக்கு நேர்ந்த கேடுகள் யாவும் பகுத்தறிவு இயக்கத்தால் நேர்ந்தவை என்று நம் மறையுரைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இக்கூற்றை நாம் மறுக்கிறோம். ஈரோட்டில் 'குடி அரசு' இதழ் தோன்றிய 1925 முதல் கணக்கிட்டால், கடவுள் மறுப்பு இம்மண்ணில் நூறாண்டுகளாகப் பரப்பப்பட்டு வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அதன் விளைவு என்ன? சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் கூட்டம் குறைந்ததா? குச்சனூருக்குச் செல்வோர் நின்றுவிட்டனரா? இராயப்பன்பட்டிப் பனிமய அன்னை ஆலயத்திலும் அனுமந்தன்பட்டித் தூய ஆவியார் ஆலயத்திலும் திருவிழாத் தேர் நின்றுபோயிற்றா? நிரம்பி வழியும் ஆலயத்தில் நின்றுகொண்டு, ஆலயம் வெறுமையாகிவிட்டதென்று அழுவது பொருந்தாது.

உண்மை வேறு. பகுத்தறிவாளர்கள் எழுப்பிய வினாக்களுள் நம்மை உறுத்தியது 'கடவுள் உண்டா' என்பது அன்று. அவ்வினாவுக்கு விடையளிக்கக் குருமடத்தில் நாம் ஆண்டுக்கணக்கில் பயின்றிருக்கிறோம். புனித தோமா அக்குவினாவின் ஐந்து வழிகளையும் மனப்பாடமாகவே ஒப்பிப்போம். நம்மால் விடை சொல்ல இயலாமற்போனது மற்றொரு வினா: கடவுளின் பெயரால் பேசுகிறவன் யார், அப்பேச்சினால் அவன் அடையும் ஆதாயம் யாது என்பது.

இவ்வினா ஈரோட்டில் பிறந்ததன்று. மக்களின் அச்சத்துக்குச் சமயம் என்னும் போர்வையைப் போர்த்தி, அதனால் அவர்களைக் கட்டியாள்வதே கொடுங்கோலாட்சியின் மறைபொருள் என்று 1670-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் ஸ்பினோசா எழுதினார். சென்னையில் 1882-இல் தொடங்கிய 'தத்துவ விவேசினி' இதழ் இதே சிந்தனையைத் தமிழில் வளர்த்தது. சிறையிலிருந்து பகத்சிங் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' என்ற கட்டுரையை 1930-களின் நடுவில் ஜீவா தமிழாக்கினார், அதற்காகக் கைதானார். கைது செய்தது எந்த அரசு? இறைவனின் அருளால் மன்னர் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கிறிஸ்தவ அரசரின் அரசு. நாத்திகம் ஆன்மாவுக்குக் கேடு விளைவிக்குமே என்ற கவலையால் அவ்வரசு அச்சிறு நூலைப் பறிமுதல் செய்ததாக நம்மில் யாரும் எண்ண மாட்டோம்.

இவ்விடத்தில் நம் சொந்த வரலாற்றை நினைவுகூர வேண்டும். உரோமைப் பேரரசில் நாத்திகர் என்று பெயர் பெற்றவர்கள் யார்? கிறிஸ்தவர்களே. ஊர்த் தெய்வங்களுக்குப் பலியிடாதவர்கள், பேரரசரின் உருவத்துக்குத் தூபமிடாதவர்கள் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பிடம், 'நாத்திகர் ஒழிக' என்று சொல்லி உயிர்பிழைக்கும்படி ஆளுநர் கேட்டான். அவர் அரங்கத்தில் குழுமியிருந்த கூட்டத்தை நோக்கிக் கையை அசைத்து அவ்வாறே சொன்னாராம். பிறகு தீக்கு இரையானார். அவருடைய சமகாலத்தவரான புனித யுஸ்தினோ, உங்கள் தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகரே என்னும் பொருள்பட வெளிப்படையாக எழுதினார். இன்னும் முன்னே சென்றால், அரசன் வேண்டும் என்று கேட்ட மக்களிடம் அவன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று எச்சரித்த சாமுவேல் நிற்கிறார். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கவர்ந்த ஆகாபுக்கு எதிரே எலியா நிற்கிறார். ஆகவே 'யாருக்கு ஆதாயம்' என்னும் வினா முதலில் நம் வீட்டு வினா. அதை நாம் கைவிட்டோம், பிறர் எடுத்துக்கொண்டனர்.

எப்போது கைவிட்டோம்? கான்ஸ்டன்டைன் 313-இல் நமக்கு உரிமை வழங்கியபோது மூச்சு விட்டோம். தெயோதோசியு 380-இல் நம் நம்பிக்கையை அரசின் சமயமாக்கியபோது இருக்கை கிடைத்தது. அமர்ந்தவர்கள் எழுந்திருக்க மனம் வைக்கவில்லை. தமிழ் மண்ணில் அந்த இருக்கைக்குச் சாதி என்று பெயர். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவரை எந்த ஈரோட்டுக்காரரும் எழுப்பவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அச்சுவரை 1910-இல் இடித்தவர் இயேசு சபைக் குருவான கௌசானல் அடிகளார், 'குடி அரசு' தோன்ற அப்போது இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன. தனியிடம் எங்கள் உரிமை என்று மேல்சாதியினர் நீதிமன்றம் சென்று தோற்றனர். கடவுளை மறுக்காமலே ஒரு குரு சுவரை இடிக்க முடிந்தது. கடவுளை வணங்கிக்கொண்டே ஒரு சபை அதை எழுப்பவும் முடிந்தது.

மலைக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. பண்ணைப்புரத்தில் டேனியல் இராமசாமியின் குடும்பத்தில் பிறந்த பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாடியவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே அவருடைய பாட்டு ஒலித்தது. கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அடுத்த ஆண்டே, கல்விச் சட்டத்தை எதிர்த்துத் திருச்சபையும் நாயர் சங்கமும் முன்னின்று நடத்திய 'விமோசனப் போராட்டம்' பரவி, 1959 சூலை 31-இல் அவ்வரசு கலைக்கப்பட்டது. பள்ளிகளைக் காப்பதற்கான போராட்டம் என்றோம். தோட்டக் கூலிக்காக அவ்வளவு பெரிய ஊர்வலத்தை நாம் என்றேனும் நடத்தியதுண்டா?

பாவலரின் தம்பியே இளையராஜா. அண்ணனின் மேடைகளில் பயின்ற அவர் 2005-இல் திருவாசகத்துக்கு இசையமைத்தார். அதனை வெளியிட்டது ஒரு கத்தோலிக்கக் குரு நடத்திய தமிழ் மையம். 2022-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விவிலியம், செங்கொடி, திருவாசகம், பாராளுமன்றம் என்று ஒரே வீட்டின் கிளைகள் இவ்வாறு விரிந்தன. ஒரு மனிதனின் இறைநம்பிக்கையை வர்க்கத்தைக் கொண்டோ கட்சியைக் கொண்டோ கணக்கிட்டுவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை பண்ணைப்புரம் வந்து போகலாம்.

பகுத்தறிவாளரோடு நமக்குள்ள வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. கடவுள் அச்சத்தின் குழந்தை, ஆள்வோரின் கருவி. கருவியைப் பறித்தால் ஆதிக்கம் வீழும் என்பது அவர்கள் வாதம். முதற்பகுதியை எங்கள் பள்ளத்தாக்கே ஒப்புக்கொள்ளாது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணையை முடித்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுக்கின் படம் இங்குள்ள உழவர் வீடுகளில் சாமி படங்களோடு தொங்குகிறது. பூசாரி சொல்லி மாட்டியதன்று. அரசு கட்டளையிட்டு மாட்டியதுமன்று. அரசு லோயர்கேம்பில் மணிமண்டபம் கட்டியது 2013-இல்தான். நன்றியும் வணக்கமாகும் என்பதை ஃபாயர்பாக்கின் நூலில் தேடுவதைவிடக் கூடலூர் வயல் வரப்பில் எளிதாகக் காணலாம்.

இரண்டாம் பகுதியை வரலாறே சோதித்துவிட்டது. 1967-இல் பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவர்கள் ஆட்சிக்கு வந்தனர். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்க 1970-இல் சட்டம், நீதிமன்றத் தடைகளையெல்லாம் கடந்து 2021-இல் பல சாதியினரும் அர்ச்சகராக நியமனம்: இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பின் இரவில், கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்கள் கேட்டது கூலியில் சிறிது நெல் கூடுதல். தீயிட்டோருக்கு எந்தச் சாத்திரமும் தேவைப்படவில்லை. வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. இன்றும் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பவனுக்கு வேதம் தெரியாது. தெரிந்தாக வேண்டிய தேவையும் இல்லை. 2014 செப்டம்பரில் முதலமைச்சர் ஒருவர் தண்டனை பெற்றபோது, பெயரிலேயே 'திராவிட' என்ற சொல்லைத் தாங்கிய கட்சியின் தொண்டர்கள் மொட்டையடித்தனர், மண்சோறு உண்டனர், யாகம் வளர்த்தனர். பீடத்திலிருந்து கடவுளை இறக்கியவர்கள் பீடத்தை இடிக்கவில்லை.

இவ்வளவும் பழங்கதை என்பார் உண்டு. ஆகவே இன்று நம் பங்குகளில் நடப்பதைச் சொல்வோம். தேனி மாவட்டத்தில் பண்ணைப்புரம் போன்ற ஊர்களில், தலித் கிறிஸ்தவப் பிள்ளைகள் பலருக்கு இரு பெயர்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒன்று, சாதிச் சான்றிதழில் ஒன்று. கல்லறைத் தோட்டத்தில் முதற்பெயரைப் பொறிப்பர். கல்லூரி விண்ணப்பத்தில் இரண்டாம் பெயரை எழுதுவர். காரணம், 1950 ஆகஸ்டு 10-இல் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அவ்வாணை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடர் ஒருவர், தம் தொழிலாளத் தோழர்களுக்கு இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துச் சென்ற வழக்கில், உச்சநீதிமன்றம் 1985-இல் கையை விரித்தது. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம், நம்பிக்கையில்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின்மீது நிகழ்த்தும் மோசடி என்றது.

இங்கே ஒரு விந்தையைக் காணுங்கள். கடவுளே இல்லை என்று மேடையில் முழங்கும் தலித் தோழரிடம் யாரும் நம்பிக்கைச் சோதனை நடத்துவதில்லை. 'இந்து' என்ற ஒரு சொல் தாளில் இருந்தால் போதும். ஆக, அரசு கேட்பது இறைநம்பிக்கையை அன்று, ஓர் அடையாளத்தை. உரோமையும் இதையே கேட்டது. கி.பி. 250-இல் பேரரசர் தேசியு ஓர் ஆணையிட்டார்: குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளின் கையொப்பமிட்ட சான்றிதழ் பெற வேண்டும். மனத்தில் என்ன நினைக்கிறாய் என்று அதிகாரி கேட்கவில்லை. அச்சான்றிதழ்களுள் சில எகிப்தின் மணலுக்கடியில் கிடந்து நம் காலத்தில் கிடைத்திருக்கின்றன. பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்களை என்ன செய்வது என்று கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் தலைமையில் சபை கூடி விவாதித்தது. வெளியே தள்ளிவிடவில்லை, அவர்கள் திரும்பி வர வழி அமைத்தது. அன்று மறுத்தவனுக்குச் சாவு. இன்று மறுத்தவன் மகனுக்குக் கல்லூரி இடமும் அரசு வேலையும் இல்லை. அளவில் வேறுபாடு பெரிதுதான். கேட்கும் முறை ஒன்றே.

இருந்தும், இரு பெயர் கொண்டோரை நம்பிக்கையில் உறுதியற்றவர் என்று பீடத்திலிருந்து கடிந்துகொள்ளும் குருக்கள் இருக்கின்றனர். சான்றிதழே தேவைப்படாத குடும்பங்கள் முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுத் தலையசைக்கின்றன. இரட்டை வேடம் என்று எள்ளி நகைக்கும் பகுத்தறிவு நண்பர்களும் உளர். சிப்பிரியானின் சபையில் இருந்த இரக்கம் இவ்விரு தரப்பாரிடமும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில், நாத்திகம் தோன்றியதில் நம்பிக்கை கொண்டோர்க்கும் பங்குண்டு என்று 1965-இலேயே ஏற்றுக்கொண்டது. நம் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது 2016-இல். இடையே கழிந்தவை ஐம்பத்தோர் ஆண்டுகள்.

தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் சாதி உரிமை வழங்குமாறு ஒன்றிய அரசைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் பகுத்தறிவு மரபில் வந்த கட்சியின் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஓர் ஆணையத்தை அமைத்திருந்தது. ஆணையின் 75-ஆம் ஆண்டும் 2025-இல் வந்து போயிற்று.

ஆகஸ்டு 10-ஐக் கருப்பு நாளாகக் கடைப்பிடிக்குமாறு ஆயர் பேரவை ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. பல பங்குகளில் அன்று ஒரு கருப்புக் கொடியைக் கோவில் முகப்பில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். அந்தக் கொடி உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலக வாசலுக்குச் செல்லட்டும். பதிவேட்டில் இரு பெயர் கொண்டோரும் பங்குத்தந்தையரும் அதன் பின்னே செல்லட்டும். எங்கள் ஊர்க் கருஞ்சட்டைத் தோழர்களையும் அன்று உடன் அழைப்போம். கருப்பு உடைக்கு அவர்கள் தனியே செலவு செய்ய வேண்டியிராது.