நான்கு விதி போதுமாம்!

எந்த ஆசிரியர் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் கருத்தாளர் ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "நகர்த்துவது, சுழற்றுவது, புரட்டுவது எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப. சர்வசமத்துக்கு இந்த நான்கு விதி போதும்." (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம், செ-க-ப என்றால் செங்கோணம்-கர்ணம்-பக்கம்.) கைதட்டலும் தவறாமல் விழும்.

விளையாட்டா? 1872-இல் வடிவியலையே இத்தகைய உருமாற்றங்களைக் கொண்டு வகைப்படுத்திய ஃபெலிக்ஸ் கிளைன், எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

குத்துமதிப்பு என்றும் சொல்வார்கள். குத்துமதிப்பா? (0,0), (4,0), (0,2) என்ற முக்கோணத்தை ஆதிப்புள்ளி வழியாக 45 பாகையில் ஏறும் கோட்டில் புரட்டுங்கள். வலப்பக்கம் 5, மேலே 1 நகர்த்துங்கள். (5,1), (5,5), (7,1) என்ற முக்கோணத்தின்மேல் இம்மி பிசகாமல் உட்காரும். இதில் மதிப்பு எங்கே, குத்து எங்கே?

நான்கு விதி போதுமா? முக்கோணத்துக்குப் போதும். மற்ற உருவங்களுக்கு? 4 செ.மீ. பக்கமுள்ள சதுரமும், அதே பக்கத்தோடு 60 பாகைக் கோணமுள்ள சாய்சதுரமும் பக்கத்துக்குப் பக்கம் சமம்தான். ஆனால் ஒன்றின் பரப்பு 16 ச.செ.மீ.; மற்றதற்கு 14கூடத் தேறாது. ஒரே அச்சில் விழுந்த இரண்டு 'ழ'-வுக்கு ஐயா எந்த விதியைப் போடுவார்?

கடைசியாக இந்தக் கருத்தாளர்களின் பிரம்மாஸ்திரம்: "நகர்த்துவது நிரூபணம் ஆகாது." அப்படியானால் ப-கோ-ப எங்கிருந்து வந்தது? யூக்ளிட் முதல் புத்தகத்தின் 4-ஆம் தேற்றத்தில் முக்கோணத்தைத் தூக்கி முக்கோணத்தின்மேல் வைத்துத்தான் அதை நிறுவினார். முனையை முனையில் வை. பக்கத்தைப் பக்கத்தோடு சேர். நீளம் சமம், மறுமுனை பொருந்தும். வேண்டுமானால் புரட்டு. கோணம் சமம், அடுத்த பக்கம் அதே திசையில் படியும்; அதன் நீளமும் சமம், மூன்றாம் முனையும் விழுந்துவிடும். 8-ஆம் தேற்றமான ப-ப-ப-விலும் இதே கைவேலைதான். "அதைத்தான் ஹில்பர்ட் 1899-இல் ஒதுக்கிவிட்டாரே" என்பார்கள். ஒதுக்கிவிட்டு என்ன செய்தார்? ப-கோ-ப-வின் சாரத்தையே மெய்கோளாக எழுதிக்கொண்டார். அதாவது, நிரூபிக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார். நகர்வு நீளத்தையும் கோணத்தையும் மாற்றாது என்பதை மெய்கோளாக வைத்தாலோ, ப-கோ-ப தேற்றமாகக் கிடைக்கிறது. முக்கோணம் அல்லாதவற்றுக்கும் வழி பிறக்கிறது.

"இரண்டு பக்கமும் இடைக்கோணமும் மட்டும் ஏன் போதும்?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், "அது விதி" என்பதுதான் இவர்களிடம் இருக்கும் பதில். விதியை நொந்துகொள்ள வேண்டியவள் அந்தப் பிள்ளைதான்.