செயின் என்னும் எச்சமும் கணினி நிரலும்

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். முதலாண்டில் எம் தமிழ் வகுப்பில் அமர்ந்தவர். “ஐயா, நிகழ்வுவழி நிரலாக்கம் பற்றி இருபது காணொளி பார்த்துவிட்டேன். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. எதைத்தான் படிப்பது?” என்றார். ஆங்கிலத்திற்கு அஞ்சித் தம்மையே குறைவாக எண்ணத் தொடங்கியிருந்தார். அதுவே எம்மை வருத்தியது.

அவர்தம் நூலை வாங்கிப் படித்துப் பார்த்தோம். எளிய நிரல் முதலடி தொடங்கி ஈற்றடி வரை ஓடி முடியும். நிகழ்வுவழி நிரலோ காத்திருக்கும். கோமுகி அணையைக் காப்பவர் நாள் முழுதும் நீரையே நோக்கியிருப்பதில்லை. குறித்த மட்டத்தை நீர் எட்டின், மதகைத் திறப்பார். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை செல்லும். அதுபோலப் பொத்தானை அழுத்தின், அதற்கென எழுதிய பணி நடைபெறும். தொல்காப்பியர் வினையெச்ச வகைகளுள் வைத்த ‘செயின்’ என்னும் வாய்பாடே இது! இவ்வாறு கூறியதும் மாணவர் முகம் மலர்ந்தது. அவரிடம் இல்லாதது அறிவன்று, வழி.

ஆகவே, எது நல்ல நூல்? எம் கருத்தில் மூன்று அடையாளங்கள் உண்டு. முதற்பக்கங்களிலேயே ஒரு சிறு பொத்தானை மாணவர் தம் கையால் இயங்கச் செய்யவேண்டும். நிகழ்வுகள் வரிசையில் நிற்பதையும், ஒரு பணி நீண்டால் திரை உறைந்துபோவதையும் காரணத்தோடு விளக்கவேண்டும். அலைபேசிக் குறிகை கிட்டாத மலையூரிலும் திறந்து படிக்க இயலவேண்டும்.

தமிழில் ஒன்றுமில்லை என்பது தவறு. 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஜாவாஸ்கிரிப்டின் தொடக்கம் உண்டு. 2012-இல் தோன்றிய கணியம் இதழ்க் குழுவினர், து. நித்யா அவர்களின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களை விலையின்றி வழங்குகின்றனர். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றிப் படிக்கலாம். இவற்றில் கால் ஊன்றியபின், மொசில்லா நிறுவனத்தார் இலவசமாக வழங்கும் ஆங்கில விளக்கப் பக்கங்களுக்குச் செல்லலாம். வரிசை மாறினால் வேர் பிடிக்காது. பத்துக் காணொளி காண்பதினும் ஒரு நிரலைப் பிழையோடு எழுதித் திருத்துவது மேல்.

எனினும் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும் பாலத்தை எவர் கட்டுவது? அது கணினித் துறையின் கடன் மட்டுமன்று, தமிழ்த்துறையின் கடனுமாகும். வாரம் ஒரு மணிநேரம் இரு துறையும் ஒருங்கமர்ந்து, கலைச்சொற்களைத் தமிழில் விளக்கலாம். மூத்த மாணவர்கள் தாம் கற்றதைப் பத்துப் பக்கச் சிறு நூலாக எழுதித் தரலாம். சமுதாயப் பெரியோர் அதனை அச்சிட்டு மலைப்பள்ளிகளுக்கு வழங்கலாம்.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலைமேல் வாழும் பிள்ளைக்கும் கணினிக் கல்வி எட்டும் நாளே அம்மாவட்டம் நிறைவுறும் நாள். மாணவர் வினா எழுப்பிவிட்டார், நிகழ்வு நிகழ்ந்துவிட்டது. இனிச் செயற்பட வேண்டியவர் நாமே.