திருடனுக்குப் பெயர் உண்டு, சாதி எதற்கு?

திண்டுக்கல் என்றால் பூட்டு. இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், உடைக்கிறவன் உடைக்கத்தான் செய்கிறான். மறுநாள் அது பத்திரிகையில் செய்தியாக வருகிறது.

உடைத்தவன் உள்ளூர்க்காரன் என்றால், "வாலிபர் கைது" என்று தலைப்பு வருகிறது. வெளி மாநிலத்தான் என்றால், "வடமாநில வாலிபர் கைது" என்று வருகிறது. கூடுதலாக ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல் செய்கிற வேலை பெரிது!

பத்து திருட்டில் ஒன்பதை உள்ளூர்க்காரர்களும் ஒன்றை வடநாட்டுக்காரரும் செய்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்பது செய்தியில் ஊர்ப் பேச்சே இல்லை. பத்தாவது செய்தியில் மட்டும் "வடமாநிலம்" என்று கொட்டை எழுத்தில் வருகிறது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் அதை உரக்கப் படிக்கிறார். கேட்பவர்கள் மனதில் நிற்பது எது? பத்தாவது செய்திதான். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு பகலாக உழைக்கும் வடநாட்டுத் தொழிலாளிகள் மீது அன்று முதல் சந்தேகம் விழுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. மனிதருக்குச் சரியல்ல.

பிறந்ததே குற்றம்!

இந்த வட்டாரம் இதை அனுபவித்தே அறிந்தது.

அந்தக் காலத்தில் மதுரைச் சீமைக் கிராமங்களில் கள்ளர்கள் காவல் காத்தார்கள். அதற்கு ஊரார் கூலி கொடுத்தார்கள். நாளடைவில் திருட்டும் தகராறும் வளர்ந்தன. 1896-ம் ஆண்டில் திண்டுக்கல் தாலுகா குடியானவர்கள் பணம் திரட்டி "பண்டு" என்ற நிதி வைத்தார்கள். காவல்காரர்களை ஊரை விட்டே வெளியேற்றக் கிளம்பினார்கள். வீடுகள் எரிந்தன. மாடு திருடியவர் யாரோ சிலர். வீடு இழந்ததோ, திருடாதவர்களும்தான்!

வெள்ளைக்கார அரசாங்கம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிறமலைக் கள்ளர்களிடம் கைரேகை வாங்கினார்கள். ஆண்கள் இரவில் போலீஸ் காவலில் படுக்க வேண்டும் என்றார்கள். திருடினானா இல்லையா என்ற கேள்வியே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்பதே கேள்வி.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டார்கள். 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பெண். அந்த மக்களுக்காக வழக்காடியவர் ஜார்ஜ் ஜோசப். அவரை "ரோசாப்பூ துரை" என்று அவர்கள் அன்போடு அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் இந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது. பழக்கம் ஒழிந்ததா?

நமக்கே வந்த வினை

2012 பிப்ரவரி 23 அதிகாலை. சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட 5 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் வடநாட்டவர் என்பதே எங்கும் பேச்சாயிற்று. வாடகைக்கு வீடு தேடிய வடநாட்டு மாணவர்களையும் தொழிலாளிகளையும் பலர் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

2023 மார்ச்சில் சக்கரம் திரும்பியது. "தமிழர்கள் பீகார் தொழிலாளிகளை வெட்டிக் கொல்கிறார்கள்" என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ, எப்போதோ நடந்த சண்டைகளைக் காட்டித் தமிழர் தலையில் கட்டினார்கள். பீகார் அரசு விசாரிக்க அதிகாரிகளை அனுப்பியது. செய்தி பொய் என்று தமிழகப் போலீசார் விளக்கினார்கள். அதற்குள் தொழிலாளிகள் பலர் பயந்து ரயில் ஏறிவிட்டார்கள்.

"தமிழர் கொலைகாரர்" என்று கேட்டபோது இங்கே எல்லாருக்கும் சுட்டது. அடுத்தவருக்கும் அப்படித்தானே சுடும்?

மறைக்கலாமா?

"உண்மையைச் சொன்னால் என்ன தப்பு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று 2016-ல் இதே கேள்வியை எதிர்கொண்டது. மறைத்தால் வதந்தி வளர்கிறது என்று கண்டது. குற்றம் சாட்டப்பட்டவர் உள்நாட்டவரானாலும் வெளிநாட்டவரானாலும், எல்லாருடைய நாட்டையும் எழுதுவது என்று முடிவு செய்தது. சொன்னால் எல்லாருக்கும் சொல்; ஒருவனுக்கு மட்டும் சொல்லாதே! அந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது.

ஆனால் நம் நாட்டில் சாதியை அப்படி எல்லாருக்கும் எழுதினால், தினமும் சாதிக் கணக்குத்தான் நடக்கும். ஒருவருக்கு இழிவு தரும்படி சாதியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பிரஸ் கவுன்சிலும் பத்திரிகைகளுக்கு நெறி வகுத்திருக்கிறது. தப்பி ஓடியவனைப் பிடிக்க உயரம், தழும்பு, சட்டை நிறம் உதவும். சாதி உதவுமா? அது முகத்தில் எழுதியிருக்கவில்லையே!

ஒரே ஒரு இடத்தில் சாதியைச் சொல்லியே ஆகவேண்டும். சாதியே கொலைக்குக் காரணமாகும் இடம் அது. 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டையில் ஒரு தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பழனியைச் சேர்ந்த வேறு சாதிப் பெண்ணை மணந்ததே அவர் செய்த "குற்றம்". இதைப் போய் "இரு தரப்பினர் மோதல்" என்று எழுதினால், அது செய்தி அல்ல, மூடி மறைப்பு. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது அது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். குற்றத்துக்கும் சாதிக்கும் சம்பந்தம் உண்டா? உண்டென்றால் ஒளிக்காமல் எழுத வேண்டும். இல்லையென்றால் எழுதவே கூடாது.

எழுதுகிறவர் மட்டுமல்ல, படிக்கிறவரும் இதைக் கேட்கலாம். வீட்டில் பிள்ளைகள் பத்திரிகையை வாசித்துக் காட்டும்போது, "இவன் எந்த ஊரான், என்ன ஆளு?" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். "இவன் என்ன செய்தான், சாட்சி உண்டா?" என்று கேட்கட்டும். பிள்ளைகளும் அப்படியே கேட்கப் பழகுவார்கள்.

பூட்டை உடைத்தவன் கைக்கு விலங்கு போடலாம். அவன் பிறந்த சாதிக்கும், அவன் வந்த மாநிலத்துக்கும் விலங்கு போட யாருக்கும் உரிமை இல்லை.