விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு எழுத்து மங்குதா, திரை மினுக்குதா? ஃபார்மேட் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

நேற்று வரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர். ராத்திரி ஒரு அப்டேட். காலையில் திறந்தால் பில்லிங் சாஃப்ட்வேரில் எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது, குரோம் மினுக்குகிறது, பழைய தமிழ் ஃபைல் முழுக்க ஆங்கில எழுத்துகள். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் ஒரே பதில்தான்: "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்."

பெரும்பாலான நேரங்களில் அது தேவையே இல்லை. சில நேரங்களில் ஃபார்மேட்டால்தான் பெரிய இழப்பே வரும். எப்படி என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பிரச்னை?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தது. அதனால் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள், இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் புதுசு, விண்டோஸ் புதுசு. ஆனால் உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர் பத்து, இருபது வருடம் பழசு. உரசல் வருவது அங்கேதான்.

தப்பு எப்போதும் பழைய சாஃப்ட்வேர் மேல் என்றும் சொல்ல முடியாது. 2025-ல் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு குரோம், எட்ஜ் பிரவுசர்களில் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகள் மங்கலாகத் தெரிவதாகப் புகார் கிளம்பியது. புதிதாகச் சேர்த்த நோட்டோ எழுத்துருக்கள், திரை அளவு 100 சதவீதத்தில் இருக்கும்போது தெளிவாக விழவில்லை. அளவை 125 அல்லது 150 சதவீதமாகக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிகத் தீர்வு!

ஆப்பிளும் விதிவிலக்கல்ல. 2025 செப்டம்பரில் மேக் ஓ.எஸ். டஹோ வந்ததும், எலக்ட்ரான் என்ற தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட பல ஆப்கள் திணறின. ஜன்னலின் மூலையையும் நிழலையும் வரைவதற்கு, ஆப்பிள் வெளியாருக்குத் தராத ஓர் உள் வசதியை எலக்ட்ரான் தொட்டிருந்தது. புது ஓ.எஸ்.ஸில் அது கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தலைச்சுமையானது. எலக்ட்ரான் தரப்பே திருத்தம் வெளியிட்டது. இங்கே மேக்கை ஃபார்மேட் செய்திருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆப்பை அப்டேட் செய்திருந்தால் போதும்.

முதலில் உங்க போனை எடுங்க

இதை போனில்தானே படிக்கிறீர்கள்? நல்லது. கோளாறு தெரியும்போது கம்ப்யூட்டரில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். கோடோ மங்கலோ அந்தப் படத்திலும் இருந்தால், அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் பிரச்னை. படம் சுத்தமாக இருக்கிறது, திரையில் மட்டும் கோடு ஓடுகிறது என்றால் மானிட்டர், கேபிள் பக்கம் சந்தேகப்படலாம்.

திரை மினுக்கினால் இன்னொரு சோதனை உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர் கோளாறு. டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப்தான் குற்றவாளி. மைக்ரோசாஃப்டே சொல்லும் வழி இது.

டிரைவர் என்றால்? விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம். அதிலும் சரியாகவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் பகுதிக்குப் போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுக்கலாம். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால், லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்குங்கள்.

பிரவுசர் மட்டும் கறுத்துப் போனாலோ கட்டம் கட்டமாக உடைந்தாலோ, குரோம் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு குரோமைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

எழுத்து ஏன் கலங்கலாகிறது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் ரொம்ப எளிமையானது.

பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர்கள், ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. இன்றைய லேப்டாப்பில் அதே இடத்தில் இன்னும் நிறைய புள்ளிகள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அப்படியே காட்டினால் எழுத்து எறும்பு சைஸில் தெரியும். அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்குகிறது. புது ஆப்கள் இதைப் புரிந்துகொண்டு எழுத்தைப் புதிதாக வரைந்துவிடும். பழைய ஆப்களுக்கு அது தெரியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டோவை இழுத்துப் பெரிசாக்குவது போல, அவற்றின் படத்தை விண்டோஸே இழுத்துவிடுகிறது. அந்த இழுவைதான் கலங்கல்.

இதைச் சரிசெய்ய, அந்த ஆப்பின் ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கம்பாட்டிபிலிட்டி’, அதற்குள் ‘சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்’ போங்கள். கீழே இருக்கும் ‘ஓவர்ரைடு’ பெட்டியை டிக் செய்து முதலில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ தேர்வு செய்யுங்கள். பல ஆப்களில் எழுத்து தெளிவாகிவிடும். ஆகவில்லை என்றால் ‘அப்ளிகேஷன்’ கொடுங்கள். தெளிவு வரும், ஆனால் மெனு எல்லாம் சின்னதாகிவிடலாம். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. அதை இன்றைக்கும் ஓட்டுகிறவர்கள், இந்த இரண்டில் எது பரவாயில்லை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முழுத் தீர்வு இல்லை.

தமிழ் ஃபைல் மட்டும் ஏன் கெட்டுப் போகுது?

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ரெண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, லதா எழுத்துரு. விண்டோஸ் 2000 காலம் முதல் கூடவே வந்தது. விண்டோஸ் 10-லிருந்து அது கூடுதல் வசதியாகத் தள்ளி வைக்கப்பட்டு, தமிழுக்கு நிர்மலா யு.ஐ. முன்னுக்கு வந்தது. லதாவில் டைப் செய்த வேர்டு ஃபைலைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் உட்காரும். வரி தள்ளும், பக்கம் கூடும், டேபிள் உடையும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்தால் லதா திரும்பி வந்துவிடும். காசு கிடையாது.

இன்னொன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இவை யூனிகோடு அல்ல. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவதுதான் எழுத்துருவின் வேலை. எழுத்துரு போனால் முகமூடியும் போச்சு. நான் பி.ஏ. தமிழ் படித்தபோது துறையில் இருந்த பழைய கருத்தரங்கக் கட்டுரைகளை இப்படித்தான் முதலில் பார்த்தேன். வைரஸ் என்றே நினைத்தோம்!

தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகை, மலர், புத்தகம் என்று பழைய எழுத்துருவில் சேர்ந்து கிடக்கும் ஃபைல்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஃபார்மேட் ஆபத்தாவது இந்த இடத்தில்தான். நேரடியாக அப்கிரேடு செய்தால் நீங்கள் போட்டு வைத்த எழுத்துருக்கள் பொதுவாக அப்படியே இருக்கும். சி டிரைவை அழித்துப் புதிதாகப் போட்டால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். ஃபைல் டி டிரைவில் பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது. சி.டி.யில் வாங்கிப் போட்ட எழுத்துரு என்றால் அந்த சி.டி.யை இப்போது எங்கே போய்த் தேடுவது? அதனால் கடைக்குக் கொடுப்பதற்கு முன் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது முக்கியமான ஃபைல்களை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றுங்கள்.

அப்டேட்டையே நீக்கிவிடலாமா?

முடியும். மாதாந்திர அப்டேட் என்றால் ‘அப்டேட் ஹிஸ்டரி’க்குள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கிறது. ஆனால் அதோடு பாதுகாப்புத் திருத்தமும் போய்விடும். பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு செய்தவர்கள் பழையதற்கே திரும்ப, ‘ரெக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ பட்டன் உண்டு. வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு பழைய விண்டோஸின் ஃபைல்களை சிஸ்டமே அழித்துவிடும். முக்கியமான பில்லிங், டி.டி.பி. சாஃப்ட்வேர்களை அப்கிரேடு செய்த அன்றைக்கே ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு பிரின்ட்டும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.