வித்தைக்குக் கூர்மை எதற்கு?

கத்தி இல்லாத வீடு இல்லை. அடுப்படியில் காய் அரிவதும் கத்தி. மருத்துவர் கையில் உயிர் காப்பதும் கத்தி. கருவியின் பெருமை அது செய்யும் தொழிலைப் பொறுத்தது. ஆயினும் தொழில் ஏதுமற்ற கத்தி ஒன்று இந்நாளில் இளைஞர் சிலரின் பையில் குடியேறியிருக்கிறது. அதன் பெயர் வண்ணத்துப்பூச்சிக் கத்தி. பெயரில் உள்ள மென்மை அலகில் இல்லை. 'பொழுதுபோக்காகச் சுழற்றவும் வேண்டும், நாள்தோறும் உடன் கொண்டு செல்லவும் வேண்டும். எதைத் தேர்ந்து வாங்கலாம்?' என்று மாணவர் தம்முள் ஆராய்கின்றனர். எந்தக் கத்தி என்னும் வினாவுக்கு முன்னால், எதற்குக் கத்தி என்னும் வினா நிற்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் யார்?

இவ்வினாவைப் பங்சாரில் எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. தெலாவிச் சாலையின் உணவகங்களையும் ஒளிவிளக்குகளையும் மட்டும் அறிந்தோர்க்கு, அவ்வூர் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது என்பது வியப்பாகவே இருக்கும். பங்-கிரிசார் என்னும் தோட்டத்தின் பெயரே மருவிப் பங்சார் ஆயிற்று என்பர். மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தமிழர் கையிலும் கத்தி இருந்தது. பட்டையைச் சீவ வேண்டும். பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பின்னாளில் அவ்விடத்தில் சீவ இயலாது. மயிரிழை அளவில் கையை அடக்கத் தெரிந்தவரே நல்ல தொழிலாளி எனப்பட்டார். காயப்படுத்தாத கையே தேர்ந்த கை என்பது அத்தொழிலின் இலக்கணம். அந்தக் கத்தி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அப்பிள்ளைகளின் பேரன் பையில் இன்று கிடக்கும் கத்தி அவனை எங்கே அனுப்பும்?

வண்ணத்துப்பூச்சிக் கத்தியின் பிறப்பையும் அமைப்பையும் அறியாமல் அதைப் பழிப்பது முறையன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் பத்தாங்காஸ் மாநிலத்தில் உள்ள தால் நகரப் பட்டறைகள் இதற்குப் பேர்போனவை. பாலிசோங் என்பது அந்நாட்டார் இட்ட பெயர். ஒரே அலகு, இரண்டு கைப்பிடிகள். ஒவ்வொரு பிடியும் அலகின் அடியில் தனித்தனி ஆணியில் சுழலும். மூடினால் அலகு இரு பிடிகளுக்கும் நடுவே மறையும். ஒரு கையாலேயே திறக்கலாம் என்பது இதன் சிறப்பு. மூடிய நிலையில் அலகின் முதுகுப்புறம் ஒரு பிடியில் அடங்கும். கூர்ப்புறம் மற்றதில் அடங்கும். முதற்பிடியைப் பற்றிச் சுழற்றினால் விரல்மேல் முதுகு படும். பிடி மாறினால் கூரே படும்.

இதைச் சுழற்றுவது ஒரு கைவித்தை என்பதை மறுப்பதற்கில்லை. தாளம், நிதானம், விடாமுயற்சி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். 2014ஆம் ஆண்டில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்னும் கணினி விளையாட்டில் இக்கத்தி இடம்பெற்றபின், திரையில் கண்டதைக் கையில் செய்து பார்க்க உலகெங்கும் சிறுவர் விழைந்தனர். விழைவு குற்றமன்று. வித்தையைக் கற்க விரும்புவோர்க்கெனக் கூரும் முனையும் இல்லாத பயிற்சிக் கத்தி இருக்கிறது. எடையும் நீளமும் சுழற்சியும் அசலைப் போன்றே அமைந்தவை கிடைக்கின்றன. வெட்டும் வாய் ஒன்றுதான் இல்லை. தேர்ந்தெடுப்பதாயின் இதைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆணிகள் தளராமலும் பிடிகள் பக்கவாட்டில் ஆடாமலும் இருக்கின்றனவா, திருகுகள் கழன்று விழாதவையா என்று பார்த்து வாங்கட்டும். வீட்டில், பெற்றோர் கண்முன், கீழே மெத்தை விரித்துப் பழகட்டும். சிலம்பம் பயில்வோனுக்கு ஆசான் முதலில் தருவது கம்பு, வாள் அன்று. கம்பால் கற்ற காலடி குறைந்த வித்தை என்று எவரும் இகழ்ந்ததில்லை.

இங்கேதான் பொய்ம்மை வெளிப்படுகிறது. 'எனக்கு வேண்டியது வித்தை மட்டுமே' என்பவனிடம் கூரற்ற கத்தியை நீட்டினால் ஏன் முகம் சுளிக்கிறான்? அவன் விரும்பியது சுழற்சியை மட்டும் அன்று. தன் பையில் ஒரு கூர்மை இருக்கிறது என்னும் மிதப்பையும் சேர்த்தே விரும்பினான். வித்தைக்குக் கூர்மை தேவையில்லை, மிதப்புக்கே தேவை.

அந்த மிதப்புக்கு இந்நாடு விதிக்கும் விலை என்ன? அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்குங்கருவிகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்குங்கருவி வைத்திருப்போர்க்கு ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும், கூடவே பிரம்படியும் விதிக்க இடமளிக்கிறது. எவரையும் குத்தியிருக்க வேண்டியதில்லை, வைத்திருந்தாலே போதும். கத்தி பிறந்த பிலிப்பைன்ஸிலும், பிழைப்புக்கான தொழிலிலோ சட்டத்துக்கு உட்பட்ட செயலிலோ பயன்படும்போதன்றி வீட்டுக்கு வெளியே கத்தி கொண்டு செல்வதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பிரிட்டனில் இதன் விற்பனையும் இறக்குமதியும் 1988 முதல் தடைப்பட்டுள்ளன. பங்சார் ரயில் நிலைய வாயிலில் சோதனையிடும் காவலரிடம், 'ஐயா, இது பொழுதுபோக்கு' என்று விளக்கவுரை நிகழ்த்த இயலுமா? கூரற்றதும் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குக் கூருள்ளதாகவே தோன்றும். ஆகவே பயிற்சிக் கத்தியும் வீட்டு வாயிற்படியைத் தாண்டலாகாது.

தமிழ் இளைஞனுக்கு இவ்விலை இன்னும் கூடுதல். 2013ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. ஏறத்தாழ 40,000 உறுப்பினருள் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் அறிவித்தது. அக்கணக்கின் நிழல் குற்றமற்ற மாணவன் மீதும் விழுகிறது. அந்நிழலில் நடப்பவன் தன் பையில் தானே சான்றுப்பொருளைச் சுமப்பது எத்தகைய பேதைமை!

'தற்காப்புக்காக' என்பது அடுத்த வாதம். கைகலப்பில் முடிந்திருக்க வேண்டிய பூசலைப் பிணத்தில் முடிப்பது பையில் இருக்கும் கத்தியே. உருவியவன் கையிலிருந்து பறிக்கப்பட்டு அவன்மீதே பாயவும் கூடும். ஓடித் தப்பியிருக்கக் கூடியவனை நின்று சாகச் செய்யும் பொய்த்துணிவை அது ஊட்டுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாள், பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே பதினாறு வயது மாணவி ஒருத்தி குத்திக் கொல்லப்பட்டாள். கைது செய்யப்பட்டவன் பதினான்கு வயது மாணவன். அந்நாளுக்குப் பின்னும் கத்தியை விளையாட்டுப் பொருள் என்போர் பெற்றோரின் கண்ணீரைக் காணாதவரே.

'வீரம் தமிழர் மரபன்றோ?' என்பாரும் உளர். மரபை முழுதாகப் படித்துவிட்டு அவர் பேசட்டும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், பீலி சூட்டி நெய் பூசிக் காவல்மனையில் அழகுற வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களைக் கண்டார். புகழ்வது போல் அவற்றை இகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன என்றார். புறநானூறு காட்டும் இக்காட்சியை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இல்லை. மினுக்கிய படைக்கலத்தை வைத்துக்கொண்டு பெருமை பேசுவதை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு தமிழ்ப் பெண்பாற் புலவர் நகைத்துவிட்டார். அத்தூதின் நோக்கம் போரைத் தவிர்ப்பது. அவர் ஏந்திச் சென்றது சொல் ஒன்றே. மரபு வேண்டுவோர் அந்தச் சொல்லை ஏந்தட்டும்.

குற்றம் முழுவதையும் சிறுவர் தலையில் ஏற்றுவதும் அறமாகாது. பிறந்தநாள் அணிச்சலை அரிவாளால் வெட்டும் திரைக்காட்சிக்குக் கைதட்டுவோர் பெரியோரே. மகன் அறைக்கு வந்த அஞ்சற்பொதியில் என்ன இருந்தது என்று கேளாதவரும் பெற்றோரே. கத்தி அகப்பட்டால் பிரம்பை எடுத்துவிட்டு, அவன் எதற்கு அஞ்சினான் என்று ஒருமுறையேனும் வினவாத ஆசிரியரும் உளர். அச்சமே பலரைக் கத்தி வாங்கச் செய்கிறது. துன்புறுத்தும் மாணவரை அடக்காத பள்ளி, துன்புறுவோனைக் கத்திக் கடைக்கு அனுப்புகிறது.

தமிழாசிரியர் செய்ய வேண்டியவை மூன்று. சட்டத்தை மறைக்காமல் எடுத்துரைத்தல் ஒன்று. கைவித்தை விரும்பும் மாணவனுக்குச் சிலம்பமும் பறையும் மிருதங்கமும் காட்டி, கைக்கு வேலை தருதல் இரண்டு. அஞ்சிய மாணவன் தயங்காமல் வந்து சொல்லத்தக்க ஒருவராகத் தாம் இருத்தல் மூன்று. மூன்றாவது இல்லையேல் முன்னிரண்டும் வீண். ஆசிரியரிடம் அச்சத்தைச் சொல்லிவிட்ட மாணவனுக்குப் பையில் கத்தி எதற்கு?