காலாவதியாகாத குற்றம்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் மாலை வேளைகளில் உலாவ வரும் நம்மவர்களிடையே ஈழத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், வணிகரும் ஆசிரியரும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரும் ஒருமனதாகச் சொல்லி முடித்துவிடும் வாசகம் ஒன்று உண்டு: "அது முடிந்த கதை, காலம் கடந்துபோயிற்று, இனிமேல் எந்தக் கோர்ட்டு வந்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறது?" இப்படிச் சொல்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஈழப் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த படங்களைக் கண்டு உணவு இறங்காமல் தவித்தவர்கள் அவர்களில் பலர். அவர்களே இன்று இந்த வாசகத்தை ஆறுதல்போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதனால்தான் இதை மறுத்தாக வேண்டுமென்று துணிந்தேன்.

மற்ற ஊர்க்காரர் யார் சொன்னாலும் சொல்லலாம். பெங்களூரில் வசிக்கும் நாம் இதைச் சொல்லத் தகுதியுடையோமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியும், அவரோடு காவலரும் கட்சித் தொண்டருமாக வேறு பலரும் கொல்லப்பட்ட பின், அந்தச் சதியின் முக்கியப் புள்ளியான சிவராசனைப் புலனாய்வுக் குழுவினர் தேடிக் கண்டுபிடித்தது நம் நகரத்தின் தென்கோடியிலுள்ள கோணனகுண்டேயில், ஒரு சாதாரண வாடகை வீட்டில்தான். ஆகஸ்ட் 20 அன்று அந்த வீட்டிலிருந்தவர்கள் பிணமாகவே வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அதோடு நம் நாடு அந்தக் கட்டை மூடிவிட்டதா? 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அதைத் திருத்தியது. சதியின் மிச்சத்தைத் துருவுவதற்கென்று தனியாக ஒரு புலனாய்வு அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. தண்டிக்கப்பட்டவர்களில் கடைசி ஆறு பேர் 2022 நவம்பரில் விடுதலையாகும் வரை, முப்பத்தோராண்டுக் காலம் அந்த வழக்கு உயிரோடு இருந்தது. அவர்களில் சிலருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று வாதிடுவோர் உண்டு. நானும் அந்தப் பக்கத்தவனே. ஆயினும் ஒரு கொலையின் உண்மையை முப்பதாண்டு ஆனாலும் விடாமல் தேட வேண்டும் என்னும் தத்துவத்தை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. கோணனகுண்டேக்கு ஒரு பஞ்சாங்கமும் முள்ளிவாய்க்காலுக்கு வேறொரு பஞ்சாங்கமும் வைத்துக்கொள்வது எந்த நியாயம்?

"ராஜீவ் கொலையைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள்தாமே, அதனால் ஈழத்து மக்களுக்குப் பேச வாயேது?" என்று உடனே ஒரு பதில் வரும். பதுங்குகுழியில் தாயின் மடியிலிருந்த குழந்தை எந்தச் சதியில் சேர்ந்திருந்தது? புலிகளின் குற்றங்களும் நீதியின் முன் வைக்கப்பட வேண்டியவையே. 1990-இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதும், அதே ஆண்டில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அடியோடு வெளியேற்றப்பட்டதும், பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததும், இறுதி நாட்களில் தப்பியோட முயன்ற சொந்த மக்களையே சுட்டதும் மறைக்கத் தக்கவை அல்ல. ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு, மர்சூகி தருஸ்மன் தலைமையில் 2011-இல் அளித்த அறிக்கையில் இரு தரப்பாரின் குற்றங்களையும் எழுதிவைத்திருக்கிறது.

அதே அறிக்கை சொல்லும் ஒரு விவரத்தை நினைத்துப் பார்க்கும் போதெல்லாம் என் மனம் நடுங்குகிறது. போர் நடந்த வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தாம் என்று இலங்கை அரசாங்கம் ஒரு கட்டத்தில் கணக்குக் காட்டிற்று. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கு ஏற்பவே அளக்கப்பட்டன. போர் முடிந்து முள்வேலி முகாம்களில் அடைபட்டு எண்ணப்பட்டவர்களோ சற்றொப்ப 2,90,000 பேர். உயிரோடு இருந்த இரண்டு லட்சம் பேரைக் காகிதத்தில் இல்லாமற் செய்துவிட்டு, மக்களை இங்கே வந்து கூடுங்கள் என்று அறிவித்த பாதுகாப்பு வலயங்களின் மீதே குண்டு பொழிந்தார்கள் என்றால், அதைப் போரின் தவிர்க்கவொண்ணாத விபத்து என்று எப்படி விட்டுவிடுவது? மாண்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாமென்று அக்குழு கருதிற்று.

காலம் போனால் சாட்சியம் அழியும் என்பது சாதாரணக் களவு வழக்குகளைப் பார்த்துப் பழகிய புத்தி. இத்தகைய பெருங்குற்றங்களில் பல சமயம் காலமே சாட்சியத்தைக் கொண்டுவந்து தருகிறது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டார்கள் என்று, ஒரு பள்ளி மாணவியைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவரே 1998-இல் நீதிமன்றத்தில் சொன்னார். மறு ஆண்டு தோண்டியதில் 15 உடல்கள் கிடைத்தன. அவ்வளவுதான், கட்டு முடங்கிற்று. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2025-இல், அதே பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியவர்களின் மண்வெட்டியில் எலும்பு தட்டிற்று. நீதிமன்ற மேற்பார்வையில் தொடர்ந்து அகழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் பள்ளிப்பை ஒன்றும் கிடந்தது. 1999-இல் முடிந்த கதை என்று நம்பியவர்கள் அந்தப் பையைப் பார்த்து என்ன சொல்வார்கள்?

வெளிநாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. போஸ்னியாவில் 1995-இல் ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரின் உடல்களை, கொன்றவர்களே இயந்திரங்களால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒருவரின் எலும்புகளே இரண்டு மூன்று இடங்களில் சிதறின. அந்தத் துண்டுகளை மரபணுச் சோதனையால் ஒன்றுசேர்த்துப் பெயர் கண்டுபிடிக்கும் வித்தை கொலை நடந்த நாளில் ஏறக்குறைய இல்லாதது, பின்னர் வந்தது. தாடி வளர்த்து, வைத்தியர் வேஷம் பூண்டு பெல்கிரேடில் திரிந்த போஸ்னியச் செர்பியர்களின் முன்னாள் தலைவர் கராஜிச் 2008-இல் பிடிபட்டார். சாட் நாட்டின் சர்வாதிகாரி ஹிஸ்ஸேன் ஹப்ரே, பதவி இழந்து 25 ஆண்டுகளுக்குப் பின், அவரால் சிறையில் வதைபட்டவர்களின் விடாமுயற்சியால் செனகல் நாட்டுத் தலைநகரில் தண்டிக்கப்பட்டார். அதிகாரத்திலிருப்பவனைச் சுற்றி நிற்கும் அச்சமும் நட்பும் ஆண்டுகள் செல்லச் செல்லவே கரைகின்றன.

இலங்கையின் உள்நாட்டு நீதிமன்றமே போதுமென்பாரும் உளர். மிருசுவிலில் 2000-ஆம் ஆண்டு குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் ஒரு படைவீரருக்குத் தண்டனை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்து வீட்டுக்கு அனுப்பினார்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கையில் இலங்கையும் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் கையெழுத்திடவில்லை. ஆகையால் ஹேக் நகரத்து மன்றத்தின் கதவு நேராகத் திறக்காது என்பது மெய். ஆனால் வேறு வாயில்கள் உண்டு. ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021-இல் இயற்றிய தீர்மானத்தின்படி சாட்சியங்களைத் திரட்டிக் காக்கும் ஓர் அமைப்பு ஜெனீவாவில் இயங்கிவருகிறது. எந்த நாட்டு நீதிமன்றம் முன்வந்தாலும் அதற்கு உதவும்படி அந்தத் தஸ்தாவேஜுகள் சேர்க்கப்படுகின்றன. 2025 மார்ச்சில் பிரிட்டன் மூன்று முன்னாள் படைத்தளபதிகள் மீதும், புலிகளிடமிருந்து பிரிந்து அரசோடு சேர்ந்த ஒருவர் மீதும் தடை விதித்தது. இது தண்டனை அன்று. எனினும் பெயர்கள் எழுதப்பட்டுவிட்டன.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. இனப்படுகொலை என்னும் சொல்லை மேடைதோறும் முழங்குகிறோம். 1948-ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, ஒரு கூட்டத்தாரை அந்தக் கூட்டத்தார் என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் இருந்ததென்று நிரூபிக்கச் சொல்கிறது. அந்த நோக்கத்தை உத்தரவுகளிலும் கணக்குகளிலும் வாக்குமூலங்களிலுமிருந்துதான் எடுத்துக் காட்ட வேண்டும். முழக்கத்துக்குச் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கை அதற்குச் செலவிட்டோமா? ஜெனீவாவில் 2012-லும் 2013-லும் இலங்கை பற்றிய தீர்மானத்தை ஆதரித்த நம் அரசாங்கம் 2014-லும், 2021-லும், 2022-லும் வாக்களிக்காமல் ஒதுங்கியபோது இந்நகரத்துத் தமிழரில் எத்தனை பேர் ஒரு கடிதமாவது எழுதினோம்?

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல், காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார்கள் வீதியோரம் அமர்ந்திருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். காலம் கடக்கிறது என்பதற்கு உண்மையான பொருள் அவர்களிடத்தில்தான் இருக்கிறது. மண்ணிலுள்ள எலும்பு காத்திருக்கும். கடைசியாக மகன் எந்தச் சாவடியில், எந்தச் சட்டையோடு, யாரால் கொண்டுபோகப்பட்டான் என்பதை அறிந்த தாய் காத்திருக்க மாட்டாள். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலும் அத்தகைய முதியவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் சென்று, அவர்கள் சொல்வதைத் தேதியோடும் இடப்பெயரோடும் எழுதிக் கையொப்பம் வாங்கிவர நம்மில் சட்டம் படித்தவர்களும் தட்டெழுத்துத் தெரிந்தவர்களும் போதிய அளவுக்கு இருக்கிறார்கள்.